பூவுக்குள் விழுந்த மஞ்சள்

சாமியாருக்குக் காய் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலை கண்ணாடிக் கூடத்தைத் திறந்த முள்ளக்கா முதலில் பார்த்தது அதைத்தான். பார்த்தவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். காய்தான். பட்டாணி அளவுக்கு, பச்சையாக, வாடிச் சுருண்ட பூவுக்கு அடியில் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

சாமியார் என்பது ஆள் இல்லை, ஓர் உருண்டைக் கள்ளி. தலை நிறைய வெள்ளை முடியோடு பதினொரு வருஷமாக வடக்கு மூலையில் அசையாமல் இருக்கிறது. மனசு வந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பூ பூக்கும். காய்க்க மட்டும் காய்க்காது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத ரகம் அது, ஜோடி வேண்டும். இந்தத் தோட்டத்தில் அந்த ரகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் வேலையாட்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள்.

அவளுக்கு முள்ளக்கா என்று வைத்ததும் அதே ஆட்கள்தான். பாலைச் செடிக் கூடத்துக்குப் பொறுப்பாகி பதினாறு வருஷம் ஆகிறது. செடியின் முள் பேச்சிலும் ஏறிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நேரில் பார்த்தால் ‘மேடம்’ என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழும். இரண்டையும் பொருட்படுத்த மாட்டாள்.

அந்தக் கூடத்துக்குள் அவளைக் கேட்காமல் ஒரு தேனீகூட வர முடியாது. ஜன்னல்களுக்கெல்லாம் வலை, வாசலுக்கு இரட்டைக் கதவு. காரணம் இருக்கிறது. உலகத்தில் பத்துப் பதினைந்து தோட்டங்களுக்கு இங்கிருந்துதான் கலப்பில்லாத கள்ளி விதை போகிறது. பூக்களுக்கு வலைப்பை கட்டி, அவளே மெல்லிய ப்ரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைப்பாள். ஒரு ரகத்துக்கு ஒரு ப்ரஷ், ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நிற நூல். நீல நூல் தொட்ட பூவைப் பச்சை நூல் தொடக் கூடாது. பெற்ற பிள்ளை தட்டு மாற்றிச் சாப்பிட்டால்கூட அவள் பேசாமல் இருந்துவிடுவாள். ப்ரஷ் மாறினால் மட்டும் அன்றைக்கு யாருக்கும் நல்ல நாள் இல்லை.

ஆகவே சாமியாருக்குக் காய் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வேறு ரகத்தின் மகரந்தத்தை யாரோ கொண்டுவந்து அந்தப் பூவில் போட்டிருக்கிறார்கள். யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் வெளிநாட்டுத் தோட்டம் ஒன்றின் கடிதம் கிடந்தது. போன வருஷம் நீங்கள் அனுப்பிய விதையில் முப்பது கன்று முளைத்தது, அதில் ஒன்பது கன்று பார்வைக்கே கலப்பாக இருக்கிறது, உங்கள் கூடத்தில் என்னதான் நடக்கிறது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மரியாதையாகக் கேட்டதுதான் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார் இயக்குநர். அடுத்த மாதம் விதைப் பிரிவுக்குத் தலைவர் போடப்போகிற நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருப்பது நல்லதில்லை என்றும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தப் பதவிக்கு இரண்டு பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஒன்று, பதினாறு வருஷம் மண்ணில் உழன்ற முள்ளக்கா. இன்னொன்று, தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு விதை அறைப் பதிவேட்டையும் தபாலையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு பார்க்கிற அவளுடைய நாத்தனார். கூடத்துக்குச் சாவிக்கொத்து மூன்று. ஒன்று முள்ளக்கா இடுப்பில் இருக்கும். ஒன்று இயக்குநர் அலமாரியில் இருக்கும், அவருக்கு முள் என்றாலே ஆகாது, வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளிகளோடுதான் உள்ளே வருவார். மூன்றாவது நாத்தனாரின் மேஜையில் இருந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்ட முள்ளக்காவுக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே முள்ளக்காதான். கல்யாணமாகி வந்தபோது நாத்தனாருக்குப் பன்னிரண்டு வயது. தலை வாரிவிட்டதிலிருந்து கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்தது வரை அண்ணிதான். அலுவலகத்தில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது, சார் மேடம் என்றுதான் அழைக்க வேண்டும் என்று இயக்குநர் சுற்றறிக்கையே விட்டிருந்தார். எல்லாரும் கேட்டார்கள், நாத்தனார் கேட்கவில்லை. இயக்குநர் எதிரிலேயே ‘அண்ணி, விதைக் கவர்ல கையெழுத்து’ என்று நீட்டுவாள். முள்ளக்காவுக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

இப்போது அந்த ‘அண்ணி’யே நடிப்பாகத் தெரிந்தது. சந்தேகம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் சும்மா உட்காராது, இருக்கிற சாமானையெல்லாம் எடுத்துத் திருப்பிப் பார்க்கும். அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி காபி கொண்டுபோனதும் நோட்டை மூடினாள். முன்பெல்லாம் மூடுவாளா? போனில் பேசும்போது பால்கனிக்குப் போனாள். யாரோடு? எல்லாவற்றுக்கும் மேலே, டம்ளரை வாங்கின வலது கையின் ஆள்காட்டி விரல் நுனியில் மஞ்சள் கறை. மகரந்த மஞ்சள். முள்ளக்கா அந்த விரலையே பார்த்தாள். நாத்தனார் அதைக் கவனித்து விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதுவும் சேர்ந்துகொண்டது.

கணவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில், முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்தே இத்தனை வருஷம் பிழைத்த மனிதர் அவர். “உங்க தங்கச்சி போக்கே சரியில்ல” என்றாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ‘ம்’ வந்தது. எந்தப் பக்கத்துக்கும் சேராத ‘ம்’.

செவ்வாய்க்கிழமை காலை கேமராக்காரர் வந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

கேமராக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள், பொதுமக்கள் வருவதற்கு முன்னால் வந்து, பழைய மழைக்கோட்டைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பூக்களை மிக அருகில் படம் எடுப்பார். தோட்டத்தின் சார்பில் ஒரு புத்தகம் வரப்போகிறது, அதற்காக. முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதர் இப்போது பூவின் வாய்க்குள் பார்க்கிறார், பூ வலிக்கிறது என்று சொல்லாது, அதுதான் அவருக்கு நிம்மதி என்று வேலையாட்கள் கேலி செய்வார்கள். ஒரு பூவுக்கு நாற்பது படம் எடுப்பார். ஒவ்வொன்றிலும் ஃபோகஸை ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவார். பிறகு நாற்பதையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் இதழின் நுனியிலிருந்து பூவின் தொண்டைவரை எல்லாம் துல்லியமாக நிற்கும். பெரிசாக்கிப் பார்த்தால் ஒரு முள்ளின் மேல் இருக்கிற பூனைமயிரைக்கூட எண்ணலாம்.

அந்த ஆளை முள்ளக்காவுக்குப் பிடிக்கும். பேச மாட்டார், கேட்காமல் எதையும் தொட மாட்டார். வலைப்பையை விலக்க வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுவார். பத்து நிமிஷத்தில் அவளே மறுபடி கட்டிவிடுவாள். இவ்வளவு கிட்டத்தில், இத்தனை நாள், இத்தனை படம். எதிலாவது கள்ளி தவிர வேறொன்று மாட்டியிருக்காதா?

சாமியார் பூத்த அன்றைக்கு எடுத்த படங்களைக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேமராவின் பின்பக்கம் இருந்த சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். வெள்ளைப் பூ, வெள்ளைப் பூ, மறுபடியும் வெள்ளைப் பூ. பின்னணி முழுக்கக் கலங்கின பச்சை. முப்பத்தோராவது படத்தில் அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு நீலப் பட்டை நின்றது. முப்பத்தாறாவது படம்வரை இருந்துவிட்டு அது போய்விட்டது.

“இது யாரு?” என்றாள் முள்ளக்கா. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை அவளுக்கு.

“யாரோ வந்தாங்கம்மா. உங்க மேஜைப் பக்கம் ட்ராயர் திறந்து மூடுற சத்தம் கேட்டுச்சு. நான் தலைய தூக்கல. தூக்கினா கை ஆடிடும், நாப்பதும் வீணாப் போயிடும்.”

அந்த மேஜையில் பூட்டில்லாத ட்ராயர் ஒன்றுதான் உண்டு. அதில் இருப்பது ப்ரஷ்கள். அந்த நீலம் எந்த நீலம் என்றும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, போன வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி நாத்தனாருக்கு அந்தப் புடவையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். காய்க்காத சாமியாருக்கு வலைப்பை கட்டுவதில்லை, அதனால் அன்றைக்கு அந்நேரம் முள்ளக்கா உரக் கிடங்கில் இருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்து, வேறு சாவியால் திறந்து, ப்ரஷ் ட்ராயரில் கை வைத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாக என்பது இதுதான்.

இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். கொடுத்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, “சாமியார் பூத்துச்சே, அன்னிக்கு நீ கூடத்துக்கு வந்தியா?” என்று கேட்டாள்.

நாத்தனார் கையில் இருந்த தலையணை உறை பாதியில் நின்றது. “இல்லயே அண்ணி” என்றாள். பிறகு உறையை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

 கை வைத்ததைவிடப் பொய் சொன்னதுதான் முள்ளக்காவுக்குத் தாங்கவில்லை. தலை வாரிவிட்ட கைக்குக் கைம்மாறு இதுவா? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள்.

நன்றாகவே எழுதினாள். கோபம் வந்தால் அவளுக்குக் கையெழுத்து அழகாகிவிடும். கூடத்தில் தேனீ வர வழியில்லை, கலப்பு மனிதக் கையால்தான் நடந்திருக்கிறது. தன் பக்கம் தவறில்லை, ப்ரஷ்கள் பன்னிரண்டும் சரியாக இருப்பதாகப் பதிவேடே சொல்கிறது. தான் இல்லாத நேரத்தில் விதை அறை உதவியாளர் கூடத்துக்குள் வந்து ப்ரஷ் ட்ராயரைத் திறந்ததற்குப் புகைப்படம் இருக்கிறது. கேட்டபோது மறுத்தார். அந்தப் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருக்கிறார் என்பதை இயக்குநரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பன்னிரண்டு என்று பதிவேட்டில் எழுதியிருந்தது நாத்தனார். மாசக் கடைசித் தேதி போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருப்பாள், எந்த அலுவலகத்தில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று முள்ளக்காவே பல தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது மட்டும் அந்தப் பதிவேடு அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. ட்ராயரைத் திறந்து தான் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. தினமும் எடுத்துப் புழங்குகிற பொருளை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

வியாழக்கிழமை எட்டரைக்கே தோட்டத்துக்குப் போனாள். தபால் தட்டில் போட்டால் நாத்தனார் கையில் போகும். அந்த அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. கவரை ஒட்டி, இயக்குநர் என்று மேலே எழுதி, அவர் அறைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டாள். வியாழக்கிழமைகளில் அவர் பதினோரு மணிக்குத்தான் வருவார். வந்து முதலில் மிதிப்பது அதைத்தான் என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மனசு லேசாக வேண்டியது. ஆகவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாத செடிக்கெல்லாம் ஊற்றினாள்.

பத்து மணிக்குக் கேமராக்காரர் மடிக்கணினியோடு வந்தார். சாமியாரின் பூவைத்தான் புத்தகத்து அட்டைக்குப் போடலாம் என்றிருக்கிறார், பெரிய திரையில் பார்த்து அவள் சரி என்றால் அச்சுக்கு அனுப்பிவிடுவார். மண் சாக்கின் மேல் கணினியை வைத்துத் திறந்தார். நாற்பது படமும் ஒன்றாகச் சேர்ந்த பூ, திரை முழுக்க விரிந்தது.

முள்ளக்கா ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். பதினொரு வருஷமாகப் பார்க்கிற பூ இது, ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. இதழ் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஓடியது. நடுவில் பச்சை நட்சத்திரம் போல் சூல்முடி, மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய இடம். சுற்றிலும் சாமியாரின் சொந்த மகரந்தம் பாலாடை வெள்ளையில். அந்தப் பச்சை நட்சத்திரத்தின் ஒரு கையில் நாலைந்து மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. நல்ல பொன் மஞ்சள். சாமியாருடையது இல்லை. பக்கத்து வரிசையில் இருக்கிற, அதே வாரம் பூத்த மஞ்சள் கள்ளியுடையது.

“இது எந்நேரத்துக்கு எடுத்தது?” என்றாள். அந்த நீலப் பட்டை வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரிய வேண்டும் அவளுக்கு.

முதல் படத்திலேயே இருக்கிறதே என்று அவர் ஒன்றாம் படத்தைத் திறந்து காட்டினார். இருந்தது. நீலப் பட்டை வந்தது முப்பத்தொன்றில். அதற்கு முப்பது படம் முன்னாலேயே மஞ்சள் விழுந்துவிட்டிருந்தது. அப்படியென்றால் முந்தின நாளே வந்து தொட்டிருப்பாள் என்று முள்ளக்காவின் சந்தேகம் விடாமல் இன்னும் ஒரு படி ஏறப் பார்த்தது. ஆனால் பூ அன்று காலையில்தானே விரிந்தது.

“இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கும்மா” என்றார் கேமராக்காரர். “நாப்பதுல சேராது. வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்க, அழுக்கோட ஒண்ணு எடுப்பேன். அப்புறம்தான் சுத்தம் பண்ணுவேன். பழக்கதோஷம். சுத்தம் பண்ணாம வேலைய ஆரம்பிச்சா எனக்குக் கை வராது.”

அந்தப் படத்தைத் திறந்தார். இதழில் தூசி, ஒரு ஒட்டடை இழை, ஒரு காய்ந்த முள். நடுவில் பச்சை நட்சத்திரம் கழுவி வைத்தது போல் இருந்தது. மஞ்சள் இல்லை. படத்தின் ஓரத்தில், கலங்கலாக, சுத்தம் செய்யத் தயாராக அவர் இடது கை நீட்டிப் பிடித்திருந்த ப்ரஷ் பாதி தெரிந்தது. அதன் நுனி மஞ்சளாக இருந்தது. சற்று முன்புதான் மஞ்சள் கள்ளியை முடித்துவிட்டு வந்திருந்தார். காம்பில் சிவப்பு நூல், மூன்று சுற்று, இரட்டை முடிச்சு.

அந்த முடிச்சைப் போடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

“இந்த ப்ரஷ்...” என்று இழுத்தாள்.

“நீங்க குடுத்ததுதாம்மா. வந்த புதுசுல பூவ வாயால ஊதிட்டிருந்தேன். எச்சில் படும், ஊதாதீங்க, இதால தட்டுங்கன்னு குடுத்தீங்களே. ரெண்டு வருஷமா இதுதான். எல்லாப் பூவுக்கும் இதுதான்.” பையிலிருந்து எடுத்து, கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்பது போல நீட்டினார். எப்போதோ கழுவியிருப்பார், அன்றன்றைக்கு வேலை முடிந்தபிறகு. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் கழுவ வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவள் அவள். சிவப்பு நூலுக்குரிய கள்ளி அழுகிச் செத்துப்போனபோது அந்த ப்ரஷ்ஷுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தூக்கிப்போட மனசு வராமல் கொடுத்தாள், கொடுத்ததையே மறந்தாள். வலைப்பையைப் பத்து நிமிஷத்தில் கட்டிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எந்த ரகத்தின் மகரந்தம் எதில் போகிறது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு வருஷம். தேனீயை வெளியே நிறுத்திவிட்டு, அதன் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் போட்டு ஓர் ஆளை உள்ளே விட்டிருக்கிறாள்.

அவள் அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நிற்கவில்லை. பத்தேகால். கவர்! கேமராக்காரரை அப்படியே விட்டுவிட்டு, செருப்பு மாற்றக்கூட நிற்காமல், ரப்பர் பூட்ஸோடு அலுவலகத்துக்கு ஓடினாள். பதினாறு வருஷத்தில் முள்ளக்கா ஓடி யாரும் பார்த்ததில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் குச்சி விட்டாவது கவரை இழுத்துவிடலாம் என்று ஓடும்போது யோசித்தாள்.

குச்சிக்கு அவசியமில்லாமல் இயக்குநரின் அறை திறந்தே இருந்தது. தினமும் பத்து மணிக்கு அதைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, தண்ணீர் வைப்பது நாத்தனாரின் வேலை. அதைப் பத்து வருஷமாகப் பார்த்திருக்கிறாள் முள்ளக்கா. ஏமாளி இல்லை என்று நினைத்துக்கொண்ட நேரத்தில் அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

நாத்தனார் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தபால் பதிவேடு விரிந்திருந்தது. பக்கத்தில், அன்றைக்கு அண்ணியைப் பார்த்ததும் மூடின, துறைப் பரீட்சைக்குப் படிக்கிற நோட்டு, அதன்மேல் மூடி கழன்ற ஒரு மஞ்சள் மார்க்கர் பேனா. விரல் நுனிக் கறைக்குக் காரணம் அங்கே கிடந்தது. கவர் அழகாக ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கடிதத்தின் மேல் மூலையில் வட்ட முத்திரை, தேதி, எண் நானூற்றுப் பன்னிரண்டு, பக்கத்தில் நாத்தனாரின் சுருக்கொப்பம். பதிவேட்டில் பொருள் என்ற கட்டத்தில், அவளுடைய முத்துமுத்தான எழுத்தில், ‘விதைக் கலப்பு: விதை அறை உதவியாளர் மீது புகார்’ என்று இருந்தது.

“அந்தரங்கம்னு மேல எழுதலன்னா நாங்க பிரிச்சுப் பதியணும்” என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் நேராக இருந்தது. “நீங்க எழுதல.”

அதுவரை யாரைப் பற்றியும் புகார் எழுதியதில்லை முள்ளக்கா. அந்தரங்கம் என்று எழுத வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? முள்ளக்கா வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. ப்ரஷ், கேமராக்காரர், சிவப்பு நூல் என்று முன்பின்னாக உளறினாள். தன் மேல்தான் தப்பு என்றாள். அந்தக் கடிதத்தைக் கொடு, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கை நீட்டினாள்.

“நம்பர் விழுந்துடுச்சு. கிழிக்க முடியாது.”

“நீ அன்னிக்கு எதுக்கு வந்தே? ஏன் வரலன்னு சொன்னே?” கேட்டுவிட்டாள். இந்த நேரத்திலும் கேட்டுவிட்டாள்.

நாத்தனார் கொஞ்ச நேரம் முத்திரைக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஸ்டாக் எண்ண வந்தேன். பன்னெண்டு இருக்கணும், பதினொண்ணு இருந்துச்சு. சிவப்பக் காணோம். உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன். கேட்டா, என் மேலயே சந்தேகமான்னு குதிப்பீங்க. சரி, எங்கயாவது வச்சிருப்பீங்க, கெடச்சிடும்னு பன்னெண்டுன்னே எழுதிட்டேன். அத மறைக்கத்தான் வரலன்னு சொன்னேன்.”

முள்ளக்கா பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கடிதத்தில் தன் யோக்கியதைக்குச் சாட்சியாக நிறுத்தின பன்னிரண்டு, இவள் அண்ணியைக் காப்பாற்ற எழுதின பொய். தோட்டத்துக்குக் கெட்ட பெயர், போன வருஷத்து விதை முழுக்க இனிக் குப்பை, பதவி போனது போனதுதான். அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்க முடியாததுதான் பெரிதாக இருந்தது.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். நாத்தனார் கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டாம் எண் கடிதத்தில் எழுதியது அத்தனையும் தவறு என்று ஆரம்பித்தாள். ப்ரஷ்ஷைக் கொடுத்தது, கழுவச் சொல்லாதது, பக்கத்தில் நின்று பார்த்தது எல்லாவற்றையும் எழுதினாள். இந்தத் தடவை எழுத்து கோணலாக விழுந்தது. பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருப்பது பொய் என்பது இதிலிருந்து வெளியே வந்துவிடும், அப்போது கேள்வி நாத்தனாரிடம் போகும் என்று கடைசியில்தான் உறைத்தது. யோசித்துவிட்டு, ‘பதிவேட்டில் பன்னிரண்டு என்று எழுதச் சொன்னது நானே’ என்று ஒரு வரி சேர்த்தாள். அதையாவது செய்ய முடிந்ததே என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாளைத் திருப்பி நீட்டினாள்.

நாத்தனார் ஒரு வரி விடாமல் படித்தாள். வெளியே இயக்குநரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்து, அதன்மேல் கோடு போடாமல், அதற்கு நேரே ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

“இந்த வரி உண்மை இல்ல. நீங்க சொல்லல, நானாத்தான் எழுதினேன். இத அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க, மேடம்.”

முள்ளக்கா அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் முத்திரையை மையில் ஒற்றி, நானூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, இரண்டு கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டி அடுக்கி, இயக்குநரின் மேஜையில் வைக்க எழுந்து போனாள்.